ஆளை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள்

கேள்வி: ஐஸ்லாந்து குதிரைச் சவாரிப் போட்டி என்று ஒரு காணொளி பார்த்தேன். தடை தாண்டவில்லை, யாரும் யாரையும் முந்தவும் இல்லை. குட்டைக் குதிரைமேல் வாட்டசாட்டமான ஆட்கள் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வருகிறார்கள். அதற்குக் கைதட்டல் வேறு! இதில் என்ன போட்டி?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் ஆளையும் பிடரிமயிரையும் பார்த்திருக்கிறீர்கள். போட்டி நடந்தது கீழே, குளம்பில்.

பெரும்பாலான குதிரைகளுக்குச் செல்லும் விதம் நடை, ட்ராட் என்ற குலுங்கும் ஓட்டம், பாய்ச்சல் என மூன்றுதான். ஐஸ்லாந்துக் குதிரைக்கு டோல்ட் என்று நாலாவது உண்டு. பலவற்றுக்கு ஸ்கெய்த் என்ற ஐந்தாவதும். டோல்ட்டில் நாலு குளம்பும் ஒன்றன்பின் ஒன்றாக, சம இடைவெளியில் விழும். ஒரு காலாவது எப்போதும் தரையில் இருப்பதால் மேலே இருப்பவருக்குக் குலுக்கலே கிடையாது. பீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு சிந்தாமல் ஓட்டிக் காட்டுகிற விளையாட்டே அங்கு உண்டு.

அடுத்த முறை சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். சுத்தமான டோல்ட் ‘தகதிமி தகதிமி’ என்று வரும். ஒரே பக்கத்துக் கால்கள் ஒட்ட ஆரம்பித்தால் ‘தக்... திம்... ’ என்று ஜோடி ஜோடியாக விழும். தாளம் போச்சு, மதிப்பெண்ணும் போச்சு. மெதுவாகப் போ, நீண்ட பக்கத்தில் எட்டி வை, திரும்ப மெதுவாக வா, பிறகு வேகமாகப் போ என்று கேட்பார்கள். வேகம் மாறலாம், தாளம் மாறக்கூடாது. ஐந்து நடுவர்கள் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். உச்சமும் அடியும் கழித்து நடு மூன்றுக்குச் சராசரி. இன்னொரு பிரிவில் ஒரு கட்டத்தில் கடிவாள வாரைத் தளர விட்டு ஒரு கையில் பிடிக்க வேண்டும். கட்டுப்பாடே இல்லாமல் தாளம் நிற்கிறதா என்று பார்க்க. எனக்குப் பிடித்தது இதுதான்.

முந்துவதும் உண்டு ஐயா, நீங்கள் பார்க்கவில்லை. ஸ்கெய்த் ஓட்டம் 100 மீட்டர், 250 மீட்டர். ஒரு பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்து பாயும். நடுவில் குதிரை சாதாரணப் பாய்ச்சலுக்கு மாறினால், முதலில் வந்தாலும் செல்லாது.

ஐஸ்லாந்துக்குள் 1950இல் திங்வெட்லிரில் தொடங்கிய லாண்ட்ஸ்மோட் குதிரை விழாவின் மரபுப் போட்டிகள் வேறு ரகம். அங்கே குதிரையின் துடிப்புக்கும் அழகுக்கும் எடை அதிகம். மேலே சொன்ன விளையாட்டுப் பிரிவுகளில் சவாரியின் நுணுக்கத்துக்கு.

உலகப் போட்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2023இல் நெதர்லாந்து, 2025இல் சுவிட்சர்லாந்து. ஐஸ்லாந்தில் நடத்தவே முடியாது. நோய்க்குப் பயந்து வெளிக் குதிரை எதையும் உள்ளே விடமாட்டார்கள், ஒருமுறை வெளியே போன சொந்தக் குதிரையையும்தான். ஆகவே ஐஸ்லாந்திலிருந்து குதிரையோடு போகிறவர், ஜெயித்தாலும் தோற்றாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். பயன்படுத்திய சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் அதே தடை. நீங்கள் பார்த்தது அந்தப் போட்டியென்றால், சும்மா சுற்றியதாகச் சொன்னீர்களே, அந்த ஆளுக்கு அது தன் குதிரையோடு கடைசிச் சுற்றாகவும் இருந்திருக்கலாம்.