'கிரெபஸ்குலர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? இலக்கியத்தில் அது எப்படி வருகிறது?

மங்கலான அந்தி ஒளிக்குரிய, அந்த ஒளியைப் போன்ற என்பதே பொருள். அந்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. விலங்கியலில், முயலைப் போல அந்த நேரத்தில் இரைதேடும் உயிர்களுக்கு இது அடைமொழி.

எழுத்தாளர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் வேறு. இருட்டில் எதுவும் தெரியாது. இந்தச் சொல்லிலோ பாதி தெரியும். விளக்கேற்றாத அறையில் நாற்காலியின் விளிம்பு தெரிகிறது, அதில் அமர்ந்திருப்பவரின் முகம் தெரியவில்லை. அந்த நிலைதான் இது. மங்கிவரும் நினைவுக்கும், முடியப்போகும் ஒரு காலத்துக்கும் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! தமிழில் 'கருக்கல்' இதற்கு மிக நெருக்கமான சொல் என்பேன்.

இரவுக்குரியது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்கு 'நாக்டர்னல்' என்ற தனிச்சொல் இருக்கிறது. இது மாலைக்கு மட்டுமல்ல, விடியற்கருக்கலுக்கும் பொருந்தும்.