மூங்கில் துணி உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு நல்லதா? எதைப் பார்த்து வாங்குவது?

மூங்கில் நல்ல பயிர்தான். வெட்டினாலும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். திரும்ப நட வேண்டியதில்லை. ஆனால் கடைகளில் 'மூங்கில்' என்று விற்பதில் பெரும்பகுதி விஸ்கோஸ் ரேயான், அதாவது கூழை ரசாயனத்தில் கரைத்துச் செய்யும் இழை. சிக்கல் காட்டில் இல்லை, ஆலையில் இருக்கிறது.

மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து, கார்பன் டைசல்பைடுடன் வினைபுரிய வைத்து, திரும்பவும் நீர்த்த காஸ்டிக்கில் கரைப்பார்கள். தேன் பதத்தில் வரும் அந்தக் கரைசலை நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் செலுத்தினால் இழை கிடைக்கும். கார்பன் டைசல்பைடு சட்டென ஆவியாகக்கூடியது. அதை நீண்ட நாள் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நரம்பும் இதயமும் கெடும். வாயுவைப் பிடித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகளும் உண்டு, வெளியே விடும் ஆலைகளும் உண்டு. துணியைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

'இயற்கையாகவே கிருமியை எதிர்க்கும்' என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். இவ்வளவு ரசாயனம் கடந்து வந்த பிறகு மிஞ்சுவது வெறும் செல்லுலோஸ், அதாவது எல்லாச் செடியிலும் இருக்கும் நார்ப்பொருள். ரேயானை மூங்கில் என்று விற்றதாக வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கடை நிறுவனங்களின் மீதும் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2022இல் இரண்டும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

லேபிளில் 'மூங்கில் லியோசெல்' என்று இருந்தால் அதையே எடுங்கள். அதிலும் கூழைக் கரைத்துத்தான் இழை செய்கிறார்கள், ஆனால் வேறொரு கரைப்பானில். கார்பன் டைசல்பைடு இல்லை. நன்றாக நடக்கும் ஆலையில் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்கப்படுகிறது. இயந்திர முறையில் நார் பிரித்த மூங்கில் லினன் அபூர்வம், விலையும் அதிகம், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். வழுவழுப்பான பனியனை லினன் முறை என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

சான்றிதழ்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓகோடெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 துணியில் தீங்கான ரசாயனம் தங்கியிருக்கிறதா என்று மட்டும் சோதிக்கிறது. எஃப்எஸ்சி சான்றிதழ் காடு பொறுப்பாகப் பராமரிக்கப்படுகிறதா என்பதைப் பற்றியது. இழை ஆலையின் கழிவைப் பற்றி இரண்டுமே எதுவும் சொல்வதில்லை. ஆகவே விற்பவரிடம் "இழை எந்த ஆலையில் செய்தது? வாயு மீட்பு இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விஸ்கோஸுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆர்கானிக் பருத்தி மேல்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் நீண்ட நாள் உழைக்க வையுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் கிழியும், தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீளும். உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் மென் சுழற்சியில் துவைத்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள்.