வாசகர் கேள்வி: 'கோமா' என்றால் சாப்பிடுங்கள்!

கேள்வி: பெருங்குடியில் வேலை பார்க்கிறேன். மெக்சிகோ குழுவோடு தினமும் பேச வேண்டியிருப்பதால் சனிக்கிழமை ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறேன். 'ஆப்லா' என்றால் 'அவர் பேசுகிறார்' என்றார்கள். இப்போது அதற்கே 'பேசு' என்றும் அர்த்தமாம், மரியாதைக்கு 'ஆப்லே'யாம். குழப்பமாக இருக்கிறதே?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: குழம்பாதீர்கள், எல்லாமே சரிதான். 'நீ' என்று கூப்பிடுகிறவரை ஏவுவதற்கு ஸ்பானிஷில் தனி வடிவம் கிடையாது. நிகழ்காலத்தில் 'அவன், அவள்' என்பதற்கு வரும் சொல்லையே அப்படியே எடுத்துப் பயன்படுத்திவிடுவார்கள். ஆப்லார் என்ற வினையில் ஆப்லா, பேசு. கோமேர் என்பதில் கோமே, சாப்பிடு. எஸ்க்ரிபீர் என்பதில் எஸ்க்ரீபே, எழுது. ஏவலா செய்தியா என்பதைக் குரலும் இடமும் காட்டிக்கொடுத்துவிடும்.

மரியாதைக்குக் கடைசி உயிரெழுத்தை மாற்றிப்போடுங்கள். ஆப்லா, ஆப்லே ஆகும். கோமே, கோமா ஆகும் (ஆமாம், விருந்தாளியிடம் 'கோமா' என்றால் சாப்பிடுங்கள் என்று உபசரிப்பு, ஆஸ்பத்திரி சமாச்சாரம் இல்லை). எஸ்க்ரீபே, எஸ்க்ரீபா ஆகும். ஏன் இந்தத் தலைகீழ்? மரியாதைச் சொல்லான 'உஸ்தெத்', 'தங்கள் கருணை' என்ற பொருள்படும் பழைய தொடர் தேய்ந்து வந்தது, அதனால் எதிரே நிற்பவரிடமே படர்க்கையில் பேசுகிறார்கள், 'தங்கள் கருணை பேசுக' என்கிற மாதிரி. பள்ளிக்கூடத்தில் படித்த வியங்கோள் ஞாபகம் இருக்கிறதா, வாழ்க, வருக? ஏறக்குறைய அதேதான். செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ அதிபர் மாளிகை மாடத்தில் நின்று முழங்கும் 'விவா மெக்சிகோ'வில் உள்ள விவா, வாழ்வதைக் குறிக்கும் 'விவீர்' என்ற வினையில் இதே கணக்கில் பிறந்த 'வாழ்க'. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

பல பேர் என்றால் மரியாதை வடிவத்தோடு ஒரு 'ன்' சேருங்கள்: ஆப்லேன், கோமான், எஸ்க்ரீபான். பந்தியைப் பார்த்துக் 'கோமான்' என்று சொல்ல நமக்குக் கசக்குமா என்ன! ஸ்பெயினில் நெருங்கிய கூட்டத்துக்கு 'ஆப்லாத், கோமேத்' என்று இன்னொரு வடிவம் உண்டு, மெக்சிகோவில் அது புழக்கத்தில் இல்லை, விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று, இதெல்லாம் ஒழுங்கான வினைகளுக்கு மட்டும். சொல், செய், வா, போ போன்ற சில வினைகள் 'நீ' வடிவத்தில் அடங்காத பிள்ளைகள், அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'பேசாதே' என்பதற்கும் ஆப்லா உதவாது. அதற்கு 'நோ ஆப்லேஸ்'. அந்தப் பாடம் உங்கள் வகுப்பில் அடுத்த மாதம் வரும், அப்போது மறுபடி எழுதுங்கள்.