நவாஹோ கல்லூரி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீனிக்ஸில் பள்ளி முடிக்கப்போகும் என் மகளுக்கு மானுடவியலும் கலை வரலாறும் படிக்க ஆசை. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வருடம், இதே அரிசோனாவில் நவாஹோ பழங்குடியினர் சேய்லியில் நடத்தும் டினே கல்லூரியில் படிக்கிறேன் என்கிறாள். "அங்கே ஆய்வு முறையெல்லாம் சொல்லித் தருவார்களா, பண்பாட்டு வகுப்போடு முடிந்துவிடுமா?" என்கிறார் என் கணவர். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நவாஹோ மணலோவியத்தைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. அதன் குறியீடுகளை விளக்கிக் கட்டுரை எழுதி, விண்ணப்பத்தோடு வைக்கப் போகிறாள். உங்கள் கருத்து?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தக் கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் சுவரில் இருப்பது பலகையில் பசை தடவி ஒட்டிய விற்பனைச் சரக்கு. நோய் தீர்க்கும் சடங்கில் வரைவது ஹோகன் எனும் நவாஹோ குடிலின் மண் தரையில். நிறக்கல் தூளையும் கரியையும் மகரந்தத்தையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல வழியவிட்டு வரைவார்கள். நோயாளியை அதன்மேல் உட்காரவைப்பார்கள். சடங்கு முடிந்த கையோடு கலைத்து, மணலை வெளியே கொண்டுபோய்விடுவார்கள். அதை நிலைக்கவைப்பது ஆபத்து என்பது நம்பிக்கை. ஆகவே விற்பனைக்குச் செய்கிறவர்கள் வேண்டுமென்றே எதையாவது மாற்றிவிடுவார்கள்: ஒரு நிறம், ஒரு உருவம், ஒரு திசை. அதற்குக் குறியீட்டு விளக்கம் எழுதுவது, தெரிந்தே பிழை போட்ட ஏட்டை மூலமென்று நம்பி உரை எழுதுவதுபோல.

ஒன்றை மட்டும் கவனிக்கட்டும். பல ஓவியங்களில் மூன்று பக்கமும் வானவில் உருவம் காவலாக வளைந்திருக்கும். நான்காவது பக்கம் திறந்திருக்கும். அது கிழக்கு. ஹோகனின் வாசலும் கிழக்கு. சேய்லி வளாகத்தை வட்டமாக அமைத்ததும், நடுவில் ஹோகன் வடிவில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியதும் இதே மரபையொட்டித்தான். 1968-இல் தொடங்கியபோது அமெரிக்காவிலேயே ஒரு பழங்குடி தானே நடத்திய முதல் கல்லூரி இது. 1973-இல் சேய்லிக்கு வந்தது. 1997-இல் டினே கல்லூரி என்று பெயர் மாறியது. சாண்டா ஃபேயின் வீல்ரைட் அருங்காட்சியகம் 1977-இல் நவாஹோ மக்களின் புனித மருந்துப் பொதிகளை (சடங்குப் பொருட்கள் கட்டிய மூட்டைகளை) திருப்பிக் கொடுத்தபோது அவை வந்து சேர்ந்ததும் இந்தக் கல்லூரியிடம்தான். திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் வந்தது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து, 1990-இல்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். ஆய்வு முறையை இதைவிடக் கண்டிப்பாகக் கற்க வேறு இடம் கிடைப்பது கஷ்டம். நவாஹோ நிலத்தில் மக்களைப் பேட்டி கண்டு எழுதுவதென்றால் 1996-இல் அமைந்த மனித ஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன் அந்தந்த ஊர்ச் சபையின் ஆதரவுத் தீர்மானம் வேண்டும். நவாஹோ தேசம் எனப்படும் அவர்களது தன்னாட்சிப் பகுதியில் இப்படி 110 சபைகள். பண்பாட்டு ஆய்வுக்கு அதன் தலைநகர் விண்டோ ராக்கில் உள்ள மரபுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் உண்டு. எழுதி முடித்த கட்டுரையையும் அச்சுக்கு முன் வாரியம் பார்க்கும். வெளியிலிருந்து வரும் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம் என்று கிளம்புவார்கள். ஊர்ச் சபை கூடி, தீர்மானம் போட்டு, அது வாரியத்துக்குப் போவதற்குள் செமஸ்டர் முடிந்திருக்கும். நூலகத்தையும் அருங்காட்சியகப் பொருட்களையும் மட்டும் நம்பி முதல் திட்டத்தை வகுப்பது உத்தமம்.

பருவமும் ஒரு விதி. கயோட்டி எனும் ஓநாய் போன்ற விலங்கின் கதைகளையும், விரல்களில் நூலைக் கோத்து உருவம் காட்டும் விளையாட்டையும் குளிர்காலத்தில் மட்டுமே எடுப்பார்கள். முதல் இடி கேட்டதும் நிறுத்திவிடுவார்கள். ஏப்ரலில் போய்க் கதை சொல்லுங்கள் என்றால் மரியாதையாக மறுத்துவிடுவார்கள். இறந்தவர்களின் எலும்பையும் அவர்கள் வாழ்ந்த பாழிடங்களையும் நெருங்காமல் இருப்பதும் மரபு. தொல்லியல் படிக்கிறவள் இதை மனதில் வைக்க வேண்டும். அந்தப் பாழிடங்களில் வாழ்ந்த பழங்கால மக்களைக் குறிக்கும் 'அனசாசி' என்ற சொல்லையும் விட்டுவிடட்டும். அது நவாஹோ மொழிச் சொல். அந்த முன்னோர்களின் வாரிசுகளான ஹோப்பி முதலிய பியூப்லோ மக்களுக்கு அது பிடிப்பதில்லை.

கலை வரலாற்றுக்கு நெசவை விட்டால் வேறு நல்ல வாசல் இல்லை. பழைய போர்வை ஒன்று கைக்கு வந்தால் டிசைனைக் கடைசியில் பார்க்க வேண்டும். முதலில் ஓரம். நவாஹோ தறி நிமிர்ந்து நிற்பது. பாவு நூல் (நெடுக்கு நூல்) அறுபடாமல் மேல் கட்டைக்கும் கீழ் கட்டைக்கும் போய்ப் போய் வரும். ஆகவே முனைகளில் வெட்டிய குஞ்சம் இருக்காது, முறுக்கிய ஓரக்கயிறு இருக்கும். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் ஸ்பானிய வழியினர் மிதிதறியில் நெய்ததில் பாவை அறுத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். அடுத்து, துணியின் நடுவே சாய்வாக ஓடும் மெல்லிய கோடு. நெசவுக்காரி அகலம் முழுக்க ஊடையை (குறுக்கு நூலை) ஓட்டாமல், உட்கார்ந்த இடத்தில் கை எட்டும் பகுதியை உயர்த்திவிட்டுப் பக்கத்துக்கு நகர்ந்த தடம் அது. சேகரிப்பாளர்கள் இதற்குச் 'சோம்பல் கோடு' என்று பெயர் வைத்தார்கள். நாள் முழுக்கத் தறியில் உட்காராதவர்கள் வைத்த பெயர்!

பிறகு லென்ஸை வைத்து நூலைப் பார்க்க வேண்டும். கையால் நூற்றது பெரும்பாலும் ஒற்றைப் புரி, அதாவது ஒரே இழை. ஜெர்மன்டவுன் எனப்படும் ஆலை நூலில் மூன்று புரி இருந்தால் போர்வை ஏறத்தாழ 1865க்கும் 1875க்கும் நடுவில். நான்கு புரி என்றால் அதற்குப் பின். ஒரே இடத்தில் எண்ணி முடிவுக்கு வரக்கூடாது. அது பின்னாளில் பழுதுபார்த்த இடமாக இருந்தால் கணக்கே கெட்டுவிடும். நாலைந்து இடத்தில் எண்ண வேண்டும்.

நூல் ஏன் மாறியது என்று தேடினால் ஆட்டில் போய் நிற்கும். நவாஹோக்கள் முன்பு வளர்த்த சுர்ரோ இனச் செம்மறியாட்டின் ரோமம் நீளம், எண்ணெய்ப் பசை குறைவு. தண்ணீர் அரிதான ஊரில் அதிகம் அலசாமலே நூற்கலாம். பிற்பாடு இறைச்சிக்காகக் கலந்த ராம்புயே இனத்தின் ரோமம் குட்டை, சுருள், பிசுக்கு. சரியாகச் சுத்தமாகாமல் முடிச்சு முடிச்சாக நூல் வரும், சாயமும் சீராக ஏறாது. 1900 வாக்கில் வந்த சில விரிப்புகள் கரடாக இருப்பதற்கு ஆட்டைக் குறை சொல்லுங்கள், கையை அல்ல.

'தலைவர் போர்வை' என்று கண்ணாடிப் பெட்டியில் காட்டுவதையும் தட்டையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். இந்த வகைப் போர்வைகளின் வளர்ச்சியில் மூன்றாம் காலகட்டத்தைச் சேர்ந்ததில் நடுவில் முழு வைர வடிவம், ஓரங்களில் பாதி, மூலைகளில் கால். தோளில் போர்த்தினால் இரண்டு ஓரத்துப் பாதிகளும் மார்பில் கூடி முழு வைரமாகும். உங்கள் மகள் காகிதத்தில் வரைந்து மடித்துப் பார்க்கட்டும், கட்டுரைக்கு இதுவே நல்ல பொருள்.

சேரும் முன் ஒவ்வொரு பாடமும் பின்னால் போகப்போகும் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நவாஹோ மொழி வகுப்பை முதல் செமஸ்டரிலேயே எடுக்கட்டும். அங்கே அறிமுகம் என்றால் நான்கு குலம் சொல்வார்கள்: அம்மாவுடையது, அப்பாவுடையது, அம்மாவின் அப்பாவுடையது, அப்பாவின் அப்பாவுடையது. இவளுக்குக் குலம் கிடையாது. எந்த ஊர், பெற்றோர் யார் என்று சொன்னால் போதும்.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசோனா கோடைக்காலத்தில் நேரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ தேசம் மாற்றும். ஆகஸ்டில் சேய்லியில் ஒன்பது மணி வகுப்பு என்றால் பீனிக்ஸில் மணி எட்டு.