சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

கேள்வி: மே விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகத் திட்டம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், மாமனார், மாமியார் என ஆறு பேர். டிராவல்ஸ்காரர் கொடுத்த ஐந்து நாள் பேக்கேஜில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் என்ற கேளிக்கைப் பூங்காவும் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் போய் வந்த என் அண்ணன், "அதைப் பார்க்காமல் திரும்பாதே" என்கிறார். சென்ற ஆண்டு போன தோழியோ, "வரிசையில் நின்றதுதான் மிச்சம், அந்தப் பணத்துக்கு வேறு நான்கு இடம் பார்த்திருக்கலாம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, திருச்சி)

பதில்: என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்காகத் தயங்காமல் போகலாம். மகனின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாமனார், மாமியாருக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பேக்கேஜில் "அரை நாள்" என்று இருந்தால் ஒருவருமே போக வேண்டாம்.

அண்ணனும் தோழியும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். 2010 மார்ச்சில் செந்தோசா தீவில் இந்தப் பூங்கா திறந்தபோது பெரியவருக்கான ஒரு நாள் டிக்கெட் வார நாளில் 66 சிங்கப்பூர் டாலர், வார இறுதியில் 72. இன்று 80 டாலருக்கு மேல். சிங்கப்பூரில் வசிப்பவருக்கு இது பெரிய ஏற்றம் இல்லை. நம் நிலை வேறு. அன்று ஒரு சிங்கப்பூர் டாலர் ஏறக்குறைய 33 ரூபாய். டிக்கெட் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. இன்று அதே வாசலைத் தாண்ட ஒரு தலைக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. இரண்டாயிரம் கொடுத்தவர் வரிசையில் நின்றதை மறந்துவிடுவார். ஐயாயிரம் கொடுத்தவர் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணத்தான் செய்வார். உங்கள் தோழியைக் குறை சொல்ல முடியாது.

உள்ளே இருப்பது அந்த விலைக்குத் தகுமா? முக்கியமான ரைடுகள் இன்றும் தரமானவை. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டர் 42.5 மீட்டர் உயரம், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். ஒரு தடத்தில் வழக்கம்போல் உட்கார்ந்து போகலாம். இன்னொன்றில் இருக்கை தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும். 2013-இல் மூடி, இருக்கைகளை மாற்றி, 2015-இல்தான் மீண்டும் திறந்தார்கள். 2011 டிசம்பரில் வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு உலகிலேயே முதலில் இங்கேதான் தொடங்கியது; அதன் வேலைப்பாடு இன்றும் பழசாகவில்லை. ஜுராசிக் பார்க் பகுதியில் வட்டப் படகு ஓர் இருட்டறைக்குள் நுழையும். அங்கே படகை அப்படியே லிஃப்ட் போல மேலே தூக்குவார்கள். மேலே போகிறோம் என்று புரிவதற்குள் கதவு திறந்து கீழே சறுக்கிவிடும். உடை முழுக்க நனையும், மாற்றுச் சட்டை கட்டாயம் வேண்டும்.

அண்ணன் போன காலத்தில் இருந்த, மடகாஸ்கர் கார்ட்டூன் படத்தை வைத்து அமைத்த பகுதி இப்போது இல்லை. சிறு குழந்தைகளுக்கு ஏற்ற அதன் படகுச் சவாரியும் போய்விட்டது. அந்த இடத்தில் 2025 பிப்ரவரி 14 அன்று மினியன் லேண்ட் திறந்தார்கள். மகன் மினியன் என்ற மஞ்சள் நிறக் கார்ட்டூன் பாத்திரங்களின் ரசிகன் என்றால் அவனுக்கு இந்தப் பூங்காவில் இதுதான் முக்கியமான இடம். கூட்டமும் இங்கேதான் சேரும்.

குழந்தைகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே ஹாரி பாட்டர் பகுதி கிடையாது. மாரியோவின் நின்டெண்டோ உலகமும் திறக்கப்படவில்லை. அதற்கான வேலைதான் நடக்கிறது. இரண்டும் ஜப்பானின் ஒசாகாவில் இருக்கின்றன. யூடியூபில் அவற்றைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் வாசலில் உலக உருண்டையின் முன் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே போய் மந்திரக் கோட்டையைத் தேடி ஏமாறுகிறார்கள். சிங்கப்பூர் பூங்கா சிறியது, மொத்தம் சுமார் 20 ஹெக்டேர்தான். நடுவில் ஏரி, சுற்றிலும் பகுதிகள். ஒரு நாள் தாராளமாகப் போதும். இரண்டு நாள் டிக்கெட் யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி உயரம். இந்த ஊருக்குப் புறப்படும் நம் குடும்பங்கள் கேட்க மறப்பதும் விற்பவர்கள் சொல்லாமல் விடுவதும் இதைத்தான். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் அளவுகோல் உண்டு. பேட்டில்ஸ்டாருக்கு 125 சென்டிமீட்டர், மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, ஜுராசிக் படகுக்கு 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, பூனை வீரனின் தொங்கும் சவாரிக்கு 100, கனோப்பி ஃப்ளையருக்கு 92. ஒரு விரற்கடை குறைந்தாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. இருக்கைப் பூட்டு அந்த உயரத்துக்குத்தான் பிடிக்கும். ஆறு வயதுப் பையன் பெரும்பாலும் 110-லிருந்து 118-க்குள் இருப்பான். இன்றிரவே செருப்பில்லாமல் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்துக் கோடு போட்டு அளந்துவிடுங்கள். 107-ஐத் தாண்டியிருந்தால் பாதிக்கு மேல் அவனுக்கும் உண்டு. தாண்டவில்லை என்றால் மினியன் லேண்டையும் சில காட்சிகளையும் நம்பித்தான் அவனுக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள். 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம். அது ஒன்றும் பாதி விலை இல்லை, முக்கால் பங்குக்குப் பக்கமாக வரும். மகள் பெரிய ரைடில் ஏறும்போது தம்பியோடு ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அப்போது ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் சொல்லுங்கள். பெற்றோர் ஒருவர் முடித்துத் திரும்பியதும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏற வழி செய்து தருவார்கள்.

மாமனார், மாமியாரை ஏன் வேண்டாம் என்கிறேன்? முதுகு வலி, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களைப் பெரிய ரைடுகளில் ஏற வேண்டாம் என்று பூங்காவே எச்சரிக்கிறது. "நான் ஏறமாட்டேன், சும்மா சுற்றிப் பார்க்கிறேன்" என்பவருக்கென்று தனி மலிவு டிக்கெட் கிடையாது. இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்து வெயிலில் பெஞ்சில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செந்தோசா கடற்கரைக்குக் கட்டணம் இல்லை. தீவுக்குள் ஓடும் ரயிலும் பஸ்ஸும் இலவசம். எதிர்க்கரையில் உள்ள விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து நடைபாலம் வழியாகத் தீவுக்குள் வரவும் பணம் கேட்பதில்லை. காலையில் அவர்கள் ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் கடற்கரைக்கு வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். ஒருவேளை அவர்களே ஆசைப்பட்டால் அது வேறு விஷயம், மறுக்காதீர்கள். வாட்டர்வேர்ல்டு சாகசக் காட்சியை எந்த வயதினரும் உட்கார்ந்து ரசிக்கலாம்.

அடுத்து, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் சங்கதி: அரை நாள் பேக்கேஜ். பயணத் திட்டத்தைப் படித்தால் எல்லாம் அழகாக இருக்கும். காலையில் நகர வலம், மெர்லயன் சிலை, வழியில் ஒரு சாக்லேட் கடை, மதியச் சாப்பாடு, பிறகு யுனிவர்சல், மாலையில் கடற்கரையில் ஒளிக்காட்சி. நடைமுறையில் பூங்கா வாசலில் இறங்கும்போது மணி இரண்டு. ஆறரைக்கு பஸ் அருகே நிற்க வேண்டும். காலை பத்து மணிக்கு நுழைபவர் கொடுக்கும் அதே முழு டிக்கெட் விலைக்கு நான்கரை மணி நேரம், அதுவும் வரிசை மிக நீளமாக இருக்கும் பொழுது. நான்கு ரைடு கிடைத்தால் பெரிது. உங்கள் தோழி இப்படித்தான் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். பூங்காவின் மேல் சொல்லப்படும் புகார்களில் பாதி இந்தப் பயணத் திட்டத்தின் மேல் சொல்லப்பட வேண்டியவை.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் டிராவல்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்க வேண்டியது: பூங்கா வாசலில் இறக்கும் நேரமும் திரும்ப ஏற்றும் நேரமும், டிக்கெட் சாதாரணமா எக்ஸ்பிரஸா (தனி வரிசையில் சீக்கிரம் ஏற விடும் கூடுதல் கட்டணப் பாஸ்), யுனிவர்சலைக் கழித்துவிட்டால் தலைக்கு எவ்வளவு குறையும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். பழைய பயணத் திட்டத்தையே நகலெடுத்துத் தருகிறாரா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அதில் "எஸ்.இ.ஏ. அக்வேரியம்" என்று இருந்தால் அது பழையது. அந்த மீன் காட்சியகத்தை விரிவாக்கி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் திறந்துவிட்டார்கள்.

பேக்கேஜ் தொகையோடு டிசிஎஸ் வரி (விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) வசூலிப்பார்கள். அது செலவுக் கணக்கில் போய்விடும் பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் பதிவாகி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழியும் அல்லது திரும்பக் கிடைக்கும். சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள்.

நாள் தேர்வில் உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. நமக்கு மே முழுதும் விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கோ ஜூன் விடுமுறை மே இறுதியில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாளைப் பிடியுங்கள். அங்கே பொது விடுமுறையான மே தினத்தையும் பௌத்தர்களின் விசாக தினத்தையும் தவிர்த்துவிடுங்கள். வாசல் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருந்தால் முதல் ஒன்றரை மணி நேரத்தில் கிடைப்பது பிற்பகலில் மூன்று மணி நேரம் நின்றாலும் கிடைக்காது. எக்ஸ்பிரஸ் பாஸை இங்கிருந்தே வாங்காதீர்கள். கூட்ட நாளில் அதன் விலை நுழைவு டிக்கெட்டை எட்டிவிடும், சில நாள் தாண்டியும் விடும். வார நாளில் காலையிலேயே போனால் பெரும்பாலும் அது தேவைப்படாது. பூங்காவின் செயலியில் ஒவ்வொரு வரிசைக்கும் காத்திருப்பு நேரம் தெரியும், அதைப் பார்த்து அன்றன்று முடிவு செய்யலாம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். உள்ளே என்ன சாப்பிடுவது? வீட்டுச் சாப்பாடு கொண்டு போகலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. பண்டைய எகிப்துப் பகுதி உணவகத்தில் இந்திய உணவு கிடைக்கும். சைவம் எது என்று கேட்டு வாங்குங்கள், ருசி சுமார்தான். காலையில் லிட்டில் இந்தியாவில் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவதே உத்தமம். காலி பாட்டில் கையில் இருக்கட்டும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், உள்ளே நிரப்பிக்கொள்ள இடம் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் போன அன்று பிற்பகல் இடி மழை. வெளி ரைடுகள் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவிட்டார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டதற்குக் கிடையாது என்றார்கள். இது நியாயமா? (வாசகர், மதுரை)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் டிக்கெட் நிபந்தனையிலேயே இது இருக்கிறது. மழைக்கும், பராமரிப்புக்காக மூடிய ரைடுக்கும் பணம் திரும்பாது. மின்னல் அபாயம் இருக்கும்போது 42 மீட்டர் உயர இரும்புத் தடத்தில் ஆளை ஏற்றாமல் இருப்பதுதான் முறை. சிங்கப்பூரில் வருடம் முழுக்க மழை உண்டு, பிற்பகல் இடி மழை சகஜம். அதனால் வெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற கூரைக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். பராமரிப்புக்கு மூடும் ரைடுகளின் பட்டியலை அவர்களுடைய இணையதளத்தில் முன்கூட்டியே போடுவார்கள். தேதி குறிக்கும் முன் அதைப் பார்ப்பது நம் பொறுப்பு.

கேள்வி: எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்த்துத்தான் பேக்கேஜ் விலை என்று சொல்லி நான்கு பேருக்குப் பணம் வாங்கிய ஏஜெண்ட், அங்கே போனதும் சாதாரண டிக்கெட்டைக் கொடுத்தார். ஊர் திரும்பிக் கேட்டால், "அங்கிருக்கும் எங்கள் கூட்டாளியின் தவறு" என்கிறார். என்ன செய்வது? (வாசகி, சேலம்)

பதில்: இதை விடக் கூடாது. பணம் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளியை அவர் பார்த்துக்கொள்ளட்டும், உங்களுக்கும் அந்தக் கூட்டாளிக்கும் ஒப்பந்தம் கிடையாது. சொன்ன சேவையைத் தராதது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு.

முதலில், எக்ஸ்பிரஸ் என்று குறிப்பிட்ட பயணத் திட்டம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், உங்களுக்குக் கொடுத்த டிக்கெட்டின் படம் ஆகியவற்றை ஒன்றாகச் சேருங்கள். அன்றைய தேதிக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் என்ன விலை என்பதற்கும் ஏதாவது ஆதாரம் தேடுங்கள், அந்தத் தொகைதான் உங்கள் கோரிக்கையின் அடிப்படை. பிறகு, 15 நாளில் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். பல ஏஜெண்டுகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஏஜெண்ட் அலுவலகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆனாலும் காலம் கடத்தாதீர்கள். பஸ்ஸில் உங்களோடு வந்த மற்ற குடும்பங்களுக்கும் இதே நடந்திருக்கும். இப்போதே அவர்களைத் தொடர்புகொண்டு, அவர்களிடம் இருக்கும் டிக்கெட் படங்களையும் ரசீதுகளையும் வாங்கி உங்கள் புகாரோடு இணையுங்கள்.