லண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு ஹார்மோனுக்கு எங்கே போவது?

நான் மதுரைக்காரி, திருநங்கை, இங்கிலாந்தில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். பிரிட்டனுக்கு வந்துவிட்ட, வரப்போகிற திருநங்கைகளும் திருநம்பிகளும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். “எத்தனை மில்லிகிராம் போடலாம்” என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். உங்கள் ரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்திருப்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அக்கா, நான் திருநம்பி. கோவையிலிருந்து லீட்ஸுக்கு முதுகலை படிக்க வருகிறேன். இரண்டு வருடமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ஒரு வருடத்துக்கான ஊசியைப் பெட்டியில் கொண்டு வந்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பிரிட்டனில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, சட்டப்படி ‘சி’ வகுப்பு. மூன்று மாதத்துக்குக் குறைவாக, உங்கள் பெயருக்கு எழுதிய மருத்துவர் கடிதத்தோடு கொண்டு வாருங்கள். அதற்குத் தனி உரிமம் தேவையில்லை. தீர்ந்த பிறகு அம்மாவைக் கூரியரில் அனுப்பச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். இந்த வகை மருந்தைச் சொந்த உபயோகத்துக்கு நேரில் கொண்டுவரத்தான் 2012 முதல் அனுமதி. தபாலில் வரவழைப்பது குற்றம்.

ஊசியைவிட முக்கியம் அந்தக் கடிதம். ஓ.பி. சீட்டின் மூலையில் ‘அதே மருந்தைத் தொடரவும்’ என்று கிறுக்கியிருப்பதை வைத்து இங்கே யாரும் மருந்து எழுத மாட்டார்கள். மருத்துவமனைத் தாளில், ஆங்கிலத்தில், தட்டச்சு செய்த கடிதம் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயர், நோயறிதல் என்ன, அதை எந்த மனநல மருத்துவர் எந்தத் தேதியில் உறுதி செய்தார், ஹார்மோன் எப்போது தொடங்கியது, மருந்தின் வேதிப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வணிகப் பெயரை மட்டும் எழுதினால் இங்குள்ள மருத்துவருக்குப் புரியாது. இந்தக் கடிதம் இருந்தால் நீங்கள் ‘தொடர் சிகிச்சையில் இருப்பவர்’. இல்லையென்றால் பலரும் உங்களைப் புதிதாக வந்தவராகத்தான் நடத்துவார்கள். அந்த வித்தியாசம் சில நேரம் ஆண்டுக்கணக்கில் போகும்.

இன்னொன்று. உங்களுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இங்கே கிடைக்கும் சஸ்டனான் ஊசியில் வேர்க்கடலை எண்ணெய் இருக்கிறது. நெபிடோ என்ற ஊசியில் ஆமணக்கெண்ணெய். தோலில் தடவும் ஜெல்லும் உண்டு.

கேள்வி: விசாவுக்கே ஏகப்பட்ட பணம் கட்டினேன். அந்தச் சுகாதாரக் கட்டணத்தில் இந்தச் சிகிச்சையும் அடங்குமா?

அடங்கும். மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுண்டு, வேலை விசாவில் வரும் பெரியவர்கள் 1,035 பவுண்டு கட்டுகிறார்கள். அதைக் கட்டியவர்களுக்கு ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர், பாலின மாற்றச் சிகிச்சைக்கான பாலின கிளினிக், அறுவை சிகிச்சை எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குப் போலவே. இங்கிலாந்தில் செயற்கைக் கருத்தரிப்புக்கு மட்டும் அது செல்லாது. மருந்துச் சீட்டுக்குத் தனிக் காசு: 2025 நிலவரப்படி இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. மாதம் இரண்டு மூன்று மருந்து வாங்குபவர்கள் 114.50 பவுண்டுக்கு ஓராண்டு முன்பணச் சான்றிதழ் எடுத்தால் மிச்சம். தவணையில் கட்டலாம். கவுன்ட்டரில் நின்று பார்க்கிறேன், நம் பிள்ளைகள் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

கேள்வி: ஜி.பி.யில் பதியப் போனால் வரவேற்பாளர் வீட்டு முகவரிச் சான்று, விசா எல்லாம் கேட்டு திருப்பி அனுப்பிவிட்டார். மாமா வீட்டில் இருப்பதால் என் பெயரில் எந்த பில்லும் இல்லை.

இங்கிலாந்தில் ஜி.பி. பதிவுக்கு முகவரிச் சான்றோ, அடையாள அட்டையோ, குடியேற்ற ஆவணமோ கட்டாயம் இல்லை. கேட்கலாம், ஆனால் அது இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது. இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். விதியே அப்படித்தான். பதிவுப் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள், அல்லது ஆன்லைனில் பதியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பலருக்கு விதி நினைவுக்கு வந்துவிடும்.

மாமா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைத் தனியாக நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பாலின கிளினிக்கிலிருந்து வரும் கடிதத்தை வாசலில் அத்தை எடுத்துப் பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். கடிதம் வேண்டாம், குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் மட்டும் என்று பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். பாலின கிளினிக்குக்குப் பரிந்துரை போகும்போது அதையே மறுபடியும் சொல்லுங்கள். ஜி.பி.யிடம் சொன்னது கிளினிக்குக்குத் தானாகப் போய்ச் சேராது. என்.எச்.எஸ். செயலியை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாமா அதே ஜி.பி.யில் இருந்தாலும் உங்கள் விவரத்தை அவரிடம் மருத்துவர் சொல்ல முடியாது. ஊரில் டாக்டர் அங்கிள் அப்பாவுக்கு போன் போட்டுச் சொல்வதுபோல இங்கே நடந்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

கேள்வி: பர்மிங்ஹாமில் வேலை. திருநங்கை. ஊரில் எதுவும் தொடங்கவில்லை, இங்கேதான் தொடங்க வேண்டும். காத்திருப்புப் பட்டியல் நீளம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நிபுணரைப் பார்க்க 18 வாரம் என்பது என்.எச்.எஸ். காகிதத்தில் வைத்திருக்கும் இலக்கு. ஐந்து ஆண்டுக்கு முன் பரிந்துரைக்கப்பட்டவர்களை இப்போதுதான் முதல் முறை அழைக்கும் கிளினிக்குகளும் இருக்கின்றன. லண்டன் கிளினிக் 1966இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் தொடங்கியது, நாட்டிலேயே பழையது. கூட்டமும் அப்படித்தான்.

அதனால் வந்திறங்கிய வாரமே ஜி.பி.யிடம் பரிந்துரை கேளுங்கள். முதலில் மனநல மருத்துவரிடம் போய்விட்டு வா என்று சொன்னால் ஏற்காதீர்கள். பெரியவர்களை ஜி.பி. நேரடியாகப் பாலின கிளினிக்குக்கு அனுப்பலாம். உங்கள் ஊர் கிளினிக்குக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. இங்கிலாந்துக்குள் எந்தப் பட்டியல் குறைவோ அதைக் கேளுங்கள். லண்டனில் டிரான்ஸ்பிளஸ், மான்செஸ்டரில் இண்டிகோ போன்ற புதிய சேவைகள் வந்திருக்கின்றன. ஆனால் சிலவற்றுக்கு எல்லை வரையறை உண்டு, முதலில் விசாரியுங்கள்.

காசு இருந்தால் தனியார் மருத்துவரிடம் போகலாம். ஆனால் முதல் ஆலோசனைக்குப் பணம் கட்டும் முன் உங்கள் ஜி.பி.யிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “தனியார் நிபுணர் பரிந்துரைத்தால் நீங்கள் பகிர்ந்த சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வீர்களா?” ஒப்புக்கொண்டால் மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனையும் என்.எச்.எஸ்.ஸில் நடக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு சீட்டுக்கும் நீங்களே தனியாகக் கட்ட வேண்டும். ஜி.பி. மறுக்கலாம், பலர் மறுக்கிறார்கள். தனியார் பட்டியலில் இருந்தாலும் என்.எச்.எஸ். வரிசையில் உங்கள் இடத்தை விட்டுவிடாதீர்கள். வீடு மாறினாலும் ஜி.பி. மாறினாலும் கிளினிக்குக்குத் தெரிவியுங்கள். பழைய முகவரிக்குப் போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கேள்வி: கடிதம், ரத்தப் பரிசோதனை எல்லாம் காட்டியும் ‘எனக்கு இதில் அனுபவம் இல்லை’ என்று ஜி.பி. கை விரித்துவிட்டார். மருந்து இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் இருக்கிறது.

அதே ஜி.பி. நிலையத்தில் வேறு மருத்துவரைக் கேளுங்கள். அல்லது வேறு ஜி.பி.க்கு மாறுங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் பொது மருத்துவக் கவுன்சிலின் வழிகாட்டுதலில் ‘இடைக்கால மருந்துச் சீட்டு’ என்று ஒன்று உண்டு. ஒருவர் ஏற்கனவே கண்காணிப்பில்லாமல் மருந்து வாங்கிப் போடுகிறார் அல்லது போடக்கூடும், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்தைக் குறைக்க வேண்டும், நிபுணர் ஒருவரின் ஆலோசனையும் பெற்றாயிற்று என்ற நிலையில், ஜி.பி. குறைந்த அளவில் எழுதித் தருவதைப் பரிசீலிக்கலாம். இது உரிமை இல்லை, அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வழிகாட்டுதலைப் பெயர் சொல்லிக் கேட்டால் அனுபவம் இல்லை என்று சொன்னவர்கூட நிபுணருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பார்.

கேள்வி: அக்கா, எனக்குத் தாயம்மா கையால் நிர்வாணம் ஆனது. எந்தப் பேப்பரும் இல்லை. இங்கே டாக்டரிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்தேன். தெரியாதவர்களுக்காக: மருத்துவமனைக்கு வெளியே, தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கை கையால் விரைகளும் ஆண்குறியும் அகற்றப்படுவதைத்தான் நிர்வாணம் என்கிறோம். விரைகள் எடுக்கப்பட்டுவிட்டால் உடல் தானாகச் செய்யும் ஹார்மோன் ஏறக்குறைய நின்றுவிடும். வெளியிலிருந்தும் ஹார்மோன் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தால் எலும்பு தேயும், சோர்வு, வெப்பம் வந்து போவது எல்லாம் வரும். ‘ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு’ என்று திருநங்கைகள் ஜமாத்தில் பெரியவர்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அது தவறு.

இங்கே உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று. விரை இல்லாதவருக்கு ஹார்மோன் தருவது பாலின கிளினிக் சமாச்சாரம் மட்டும் இல்லை, சாதாரண நாளமில்லாச் சுரப்பிப் பிரச்சினையும்கூட. எண்டோகிரைனாலஜிக்குப் பரிந்துரை கேட்கலாம். “எனக்கு இந்தியாவில் விரைகளும் ஆண்குறியும் அகற்றப்பட்டன, ஆவணம் இல்லை” என்ற ஒரு வரியை எழுதிக்கொண்டுபோய் நீட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை. உடலைப் பார்க்க வேண்டும் என்றால் துணைக்கு ஒரு நர்ஸ் இருக்கக் கேட்கலாம், பார்க்க வேண்டாம் என்றும் சொல்லலாம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவே பாதிக் கதையைச் சொல்லிவிடும். எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள். சிறுநீர் மெல்லிய தாரையாக வந்தாலோ, முக்கிப் போக வேண்டியிருந்தாலோ அதையும் கட்டாயம் சொல்லுங்கள், பாதை சுருங்கியிருக்கலாம். புராஸ்டேட் சுரப்பி அப்படியேதான் இருக்கிறது, அதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: ஊரில் ரத்தப் பரிசோதனையில் எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் 130 இருந்தது. இங்கே 477 என்று வந்திருக்கிறது! மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள், இரண்டும் ஒரே அளவு. இந்திய ஆய்வகம் பிகோகிராமில் தருகிறது, பிரிட்டன் பிகோமோலில். 3.67ஆல் பெருக்கிப் பாருங்கள். திருநம்பிகளுக்கு இது தலைகீழாகப் பயமுறுத்தும்: ஊரில் 600 இருந்த டெஸ்டோஸ்டிரோன் இங்கே 21க்குக் கொஞ்சம் குறைவாக வரும், 28.8ஆல் வகுத்தால் கிடைப்பது அதுதான்.

இதே தங்கை இன்னொன்றும் கேட்டிருந்தார், ஊரில் கருத்தடை மாத்திரையைத்தான் ஹார்மோனாகப் போட்டுக்கொண்டிருந்தாராம். அதில் பெரும்பாலும் எத்தினில் எஸ்ட்ரடையால் இருக்கும், ரத்தக் கட்டி வரும் ஆபத்து அதிகம். சென்னையிலிருந்து பத்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வருபவர் அதைப் போட்டுக்கொண்டு வரவே கூடாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இங்கே பெரும்பாலும் தோலில் ஒட்டும் பட்டை அல்லது ஜெல்தான் தருவார்கள். ஆண் ஹார்மோனைத் தடுக்க ஊரில் சைப்ரோட்டெரோன் போட்டவர்களுக்கு மூளை உறைக் கட்டி பற்றிய 2020 எச்சரிக்கையைக் காட்டி, அதற்குப் பதிலாக மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ ஊசி தருவது வழக்கம். மருந்தை மாற்றிவிட்டார்களே என்று சண்டை போடாதீர்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தஞ்சம் கேட்டிருக்கிறேன். ஹோட்டலில் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் வராது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமோ என்று பயம்.

தஞ்சம் கேட்டிருப்பவர்களுக்கு என்.எச்.எஸ். முழுவதும் இலவசம். குறைந்த வருமானக்காரர்களுக்கான எச்.சி.2 சான்றிதழ் இருந்தால் மருந்துக்கும் காசில்லை. ஹோட்டல் முகவரியிலேயே ஜி.பி.யில் பதியலாம். மொழிபெயர்ப்பாளர் இலவசம், ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது, லண்டனில் கோயில் திருவிழாவுக்குப் போனால் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எனவே தொலைபேசி மொழிபெயர்ப்பு வேண்டும், வேறு ஊரிலிருந்து வேண்டும், ஆணா பெண்ணா யார் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பெயரை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் மருத்துவரிடம் கேட்கலாம். உறவினரையோ தெரிந்த அண்ணனையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். இலங்கையில் 2016 சுற்றறிக்கைக்குப் பிறகு மனநல மருத்துவர் தரும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் உங்களிடம் இருந்தால் அதன் நகலை ஜி.பி.க்கும் உங்கள் வழக்கறிஞருக்கும் கொடுங்கள். உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் அன்றே கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பெயரும் பாலினமும் பாஸ்போர்ட்டில் மாறவில்லை. ஜி.பி. பதிவில் மாற்ற முடியுமா?

பெரியவர்களுக்கு முடியும், எந்தச் சட்டச் சான்றிதழும் வேண்டாம். பாலினத்தை மாற்றினால் புதிய என்.எச்.எஸ். எண் தருவார்கள். ஒரு விளைவு மட்டும் கவனிக்க வேண்டும்: பரிசோதனை அழைப்புகள் பதிவில் உள்ள பாலினத்தைப் பார்த்தே வருகின்றன. ஆண் என்று பதிந்த திருநம்பிக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை அழைப்பு வராது. கருப்பை வாய் இருந்தால் 25 முதல் 64 வயது வரை நீங்களே கேட்டுப் போக வேண்டும். பெண் என்று பதிந்த திருநங்கைக்கு 65 வயதில் வயிற்றுப் பெருந்தமனி ஸ்கேனுக்கு அழைப்பு வராது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் பிள்ளைக்கு 16 வயது. சென்னையில் மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கணவருக்கு ரீடிங்கில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா?

அம்மா, போவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது, நிலவரத்தைச் சொல்கிறேன். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாலினக் காரணத்துக்காகப் பருவத்தைத் தடுக்கும் ஊசியைப் புதிதாக எழுத 2024 டிசம்பரில் காலவரையின்றித் தடை விதித்துவிட்டார்கள். சிறார் பாலின சேவைக்கு ஜி.பி. நேரடியாக அனுப்ப முடியாது, குழந்தை மருத்துவர் அல்லது சிறார் மனநலச் சேவை வழியாகத்தான் போக வேண்டும். வரிசையும் நீளம். சென்னை மருத்துவரிடம் இப்போதே பேசி, இனி இரண்டு வருடத்துக்கு என்ன திட்டம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஊருக்கு வந்து போகும் தேதிகளை அந்தத் திட்டத்தோடு பொருத்திக்கொள்ள முடிந்தால் நல்லது.

கேள்வி: வேலை கிளாஸ்கோவிலும் கிடைக்கிறது, லண்டனிலும் கிடைக்கிறது. எது மேல்?

ஸ்காட்லாந்தில் மருந்துச் சீட்டு இலவசம், வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் அப்படியே. கிளாஸ்கோவின் சாண்டிஃபோர்ட் கிளினிக்குக்கு ஜி.பி. இல்லாமல் நீங்களே உங்களைப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். காத்திருப்பு அங்கேயும் ஆண்டுக்கணக்கில்தான். சம்பளத்தைப் பார்த்து முடிவெடுங்கள், குளிருக்கு நல்ல கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.