பேட்டியில் குரல் தெளிவாக வர: கேள்வி பதில்

ஆவணப்படங்களுக்கு வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்வது என் தொழில். நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேமரா மேல் ஷாட்கன் மைக் (முன்னாலிருந்து வரும் சத்தத்தை அதிகமாகப் பிடிக்கும் நீள மைக்) மாட்டியிருக்கிறேன் அண்ணா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. விலை கூடிய மைக் வாங்கணுமா?

வேண்டாம் தம்பி. இருப்பதைக் கேமராவிலிருந்து கழற்றுங்கள், போதும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும். சுற்றியுள்ள இரைச்சல் இறங்காது. ஆறடியில் இருக்கும் மைக்கை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். மைக்கைத் தூக்கிப் பிடிக்கும் பூம் கம்பு இல்லையா, லைட் ஸ்டாண்டில் கட்டுங்கள். ஃபிரேமுக்குச் சற்று மேலே வைத்து, பேசுபவரின் நெஞ்சைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள்.

லெவல் எவ்வளவு வைக்கலாம்?

ரெக்கார்டர் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். உரக்கப் பேசும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி. லெவலைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள்.

காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் அம்மா ஒருவரைப் பேட்டி எடுத்தோம் சார். காலர் மைக்கில் 'டிக் டிக்' என்று ஒரே சத்தம்.

பெரும்பாலும் தாலிச் சரடாக இருக்கும். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு பாட்டி தான் நெய்த முதல் சேலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, ஆர்வத்தில் முன்னால் சாய்வார். ஒவ்வொரு முறையும் தாலிக் குண்டு மைக்கில் தட்டும். அன்று நான் ஹெட்ஃபோன் போடவில்லை. ராத்திரி கேட்டபோதுதான் தெரிந்தது. அந்தப் பேச்சு இன்னொரு முறை அப்படி வரவே இல்லை.

தாலியைக் கழற்றச் சொல்லவே கூடாது. மைக்கை நடுநெஞ்சிலிருந்து நகர்த்தி, தோள்பக்கம் முந்தானை மடிப்பில் குத்துங்கள். அதையும் அந்த வீட்டுப் பெண் ஒருவரிடம் கொடுத்துக் குத்தச் சொல்வதுதான் மரியாதை. பட்டு உரசினால் மெடிக்கல் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் துணியையும் மைக்கையும் சேர்த்து ஒட்டிவிடலாம். தறியை நிறுத்திவிட்டுப் பேசவிடுங்கள். அப்புறம் தறிச் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் தனியாக எடுத்துக்கொண்டால், எடிட்டில் வேண்டிய அளவுக்குச் சேர்க்கலாம்.

வீட்டுக்குள் எதிரொலிக்கிறதே?

மொசைக் தரையும் வெறும் சுவரும்தான் காரணம். கேமராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் ஜமக்காளம், மெத்தை போடுங்கள். சின்ன அறையில் ஷாட்கன்னைவிட ஹைப்பர் கார்டியாய்டு மைக் (இதுவும் முன்பக்கச் சத்தத்தை அதிகம் பிடிக்கும், ஆனால் நீளம் குறைந்தது) நன்றாக வரும். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது சுவிட்சைப் போட மறக்க மாட்டீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபேனைப் போட்டு, தண்ணீர் கொடுங்கள். வியர்த்து வழியும் மனிதரால் மனம்விட்டுப் பேச முடியாது.

ராமேஸ்வரம் கடற்கரையில் மீனவர் பேட்டி. காற்றுக்கு என்ன செய்வது?

பஞ்சு உறை போதாது, முடி உறை போடுங்கள். 80 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும் வசதி) வைத்தால் காற்றின் உறுமல் குறையும். அலைச் சத்தம் போகாது, அது எல்லா அலைவரிசையிலும் பரவியிருக்கும். அவர் கடலுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். நெஞ்சில் இருக்கும் மைக்குக்கு அவர் உடம்பே தடுப்பாகிவிடும்.

ஆடி மாதம் கிராமத்தில் ஷூட் அண்ணா. கோயில் ஸ்பீக்கர் ஓடும்போது எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். சத்தத்தைவிடப் பெரிய தொல்லை, பேச்சை வெட்டி ஒட்டும்போது பின்னால் ஓடும் பாட்டும் பாதியில் தாவும். முதல் நாளே போய், பாட்டு எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். காலை ஐந்தரைக்கே போட்டுவிடுவார்கள் என்றால், பேட்டியை ஊருக்கு வெளியே ஒரு தோப்புக்கு மாற்றுங்கள்.